பத்து யார் சங்கிலி

வெள்ளிக்கிழமை, காலை ஏழரை. பாரிஸ் விமான நிலையத்தில் இறங்கி அரை மணித்தியாலத்துக்குள் முதலாவது அதிர்ச்சி வந்தது. நகரத்துக்குப் போகும் ரயிலுக்கு ஒருவழிச் சீட்டு பதின்மூன்று யூரோ. "இஞ்சை வந்து எதையும் ரூபாய்க்கு மாத்திப் பாக்காதை" என்று மச்சான் அன்ரன் தொலைபேசியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். மாற்றிப் பார்த்தேன். பிறகு பயணப்பெட்டியின் மேல் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியதாயிற்று. அவ்வழியால் போன ஒரு வெள்ளைக்காரப் பெண் தண்ணீர் வேண்டுமா என்று சைகையில் கேட்டார். அடுத்த மூன்று நாட்களில் நடக்கப்போவதை நினைத்தால், அந்தத் தண்ணீரை வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கலாம்.

எனக்கு யாழ்ப்பாணத்தில் இளவாலை. வயது ஐம்பத்திரண்டு. காணிக் கந்தோரில் எழுதுவினைஞர். பக்கத்து வீட்டுக்காரன் வேலிக் கதியாலை இரவோடிரவாக நாலு விரற்கடை தள்ளி நட்டுவிட்டான் என்று ஓடி வருபவர்களுக்குக் கதிரை போட்டு, சொல்வதைக் கேட்டு, அடுத்த கிழமை வரச்சொல்வது என் உத்தியோகம். பாரிசுக்கு ஊர் பார்க்க வரவில்லை. தங்கை ராணி அழைத்திருந்தாள். அவளுடைய ஒரே மகன் யூட், இருபத்து நான்கு வயது, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஆளோடு ஆள் மோதும் அமெரிக்கக் கால்பந்து ஆடும் ஒரு தொழில்முறைக் குழுவில் இருக்கிறான். அதை நிறுத்துவதற்குத்தான் என்னை விமானம் ஏற்றினாள்.

"அண்ணை, நீங்கள் தாய்மாமன். ஒருக்கா வந்து சொல்லிப்போட்டுப் போங்கோ. நீங்கள் சொன்னால் விடுவான்."

என் சொல்லை இதுவரை கேட்ட ஒரே உயிர் எங்கள் வீட்டு நாய். அதுவும் சாப்பாட்டு நேரத்தில் மட்டும். இதை ராணியிடம் சொல்லவில்லை. விமானச் சீட்டு அவள் செலவு.

ஒன்பதரை மணிக்குக் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கினேன். அன்ரன் காத்து நின்றான். ராணியின் கணவன், ரூ காய் தெருவில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்கிறான். நிலையத்திலிருந்து கடைக்கு ஐந்து நிமிட நடை. லாச்சப்பல் என்று நம்மவர்கள் சொல்லும் பகுதி அந்த நடையிலேயே தொடங்கிவிடுகிறது. முருங்கைக்காய்ப் பெட்டிக்கு முன்னால் நின்று இரண்டு பேர் அரசியல் பேசினார்கள். "அண்ணை, வழியை விடுங்கோ" என்று ஒரு பையன் அரிசி மூட்டை தள்ளிக்கொண்டு போனான். கடை திறக்க இன்னும் நேரம் இருந்ததால் எதிர்ச் சாப்பாட்டுக் கடைக்குள் புகுந்தோம். பால் தேத்தண்ணி ஒன்றரை யூரோ, மட்டன் ரோல்ஸ் ஒன்றும் ஒன்றரை யூரோ. மாற்றிப் பார்க்கவில்லை. திருந்திவிட்டேன்.

"மருமோன் எப்பிடி?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கிறான். கதவுக்குள்ளாலை வாறதுதான் கொஞ்சம் கஷ்ரம்."

பிறகு அந்த ஆண்டின் சீசன் முழுவதையும் ரோல்ஸ் தட்டை வைத்துக்கொண்டு சொன்னான். மே மாதம் தொடங்கியது. முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. குழுவின் பத்ரோன், அதாவது முதலாளி, பயிற்சியாளரை அனுப்பிவிடுவேன் என்று நின்றார். அதன் பிறகு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது, வெல்லத் தொடங்கினார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை வென்றால் இறுதிச் சுற்றுக்குப் போகலாம். தோற்றால் சீசன் அத்தோடு சரி. குழுவின் பெயரை நான் எழுதவில்லை. எழுதவேண்டாம் என்று யூட் சொல்லிவிட்டான். யாராவது என்னைப் பற்றி விசாரித்தால் தெரியாது என்று சொல்ல வசதியாக இருக்குமாம்.

"ராணிக்கும் அவனுக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கு மச்சான்" என்றான் அன்ரன். "கடைசிச் சுற்றுக்குப் போனால் இன்னொரு வருசம் விளையாடலாம். போகாட்டில், ஒரு காப்புறுதிக் கந்தோரிலை நிரந்தர வேலை கிடைச்சிருக்கு. கையெழுத்து வைச்சிட்டு விளையாட்டை விடவேணும். அவன் ஓம் எண்டிட்டான்."

"அப்ப என்னை ஏன் கூப்பிட்டவள்?"

"வெண்டு போட்டால் எண்டு பயம்."

எனக்கு ஆறுதலாக இருந்தது. தோற்றால் என் வேலை தானாக முடிந்துவிடும். இன்னொரு ரோல்ஸ் எடுத்தேன். அதைக் கடித்த நேரம் பார்த்து அன்ரன் சொன்னான்:

"ஞாயிறு உனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு."

இந்த விளையாட்டில் தூரத்தை அளக்க மைதானத்தின் ஓரத்தில் ஒரு சங்கிலி வைத்திருப்பார்களாம். பத்து யார், அதாவது முப்பது அடி நீளம். இரண்டு முனையிலும் ஆளுயரக் கம்பு. கம்பு பிடிப்பவர்கள் சம்பளம் இல்லாத ஆட்கள். சொந்த மைதானத்தில் ஆடும் குழுவே தேடிக் கொடுக்க வேண்டும். சீசன் முழுவதும் ஒரு கம்பை அன்ரன் பிடித்தான். மற்றதைப் பிடித்தவர் மார்த்தினிக் தீவைச் சேர்ந்த ஓய்வூதியக்காரர். அவருக்கு இடுப்புப் பிடித்துவிட்டது.

"எனக்கு அந்த விளையாட்டு என்னெண்டே தெரியாது!"

"தெரிஞ்சவன் ஆட்டத்தைப் பாப்பான். தெரியாதவன் கம்பைப் பாப்பான். நீதான் ஆள். ஒரேயொரு சட்டம். ஆரும் உன்னட்டை ஓடி வந்தால் கம்பைப் போட்டிட்டு ஓடு. அவ்வளவுதான்."

"ஆர் ஓடி வருவினம்?"

அன்ரன் தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதில் மிகவும் கவனமாக இருந்தான்.

அன்று மாலை ஆர்.ஈ.ஆர். ரயிலில், இரண்டரை யூரோ சீட்டில், லெ பிளாங்-மெனில் போய்ச் சேர்ந்தோம். ராணி கதவைத் திறந்து, என் கன்னத்தைப் பார்த்து, மெலிந்துவிட்டேன் என்று கவலைப்பட்டாள். அவளுக்குப் பின்னால் நடைவழி திடீரென்று இருட்டியது. யூட் வந்திருந்தான். கடைசியாகப் பார்த்தபோது என் தோளளவு நின்ற பிள்ளை. இப்போது என் தலை அவன் சட்டைப் பையைப் பார்க்கிறது. இருபத்து மூன்று கிலோப் பெட்டியை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு, "சா வா, மாமா?" என்று சுகம் கேட்டான். அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது, இவனுக்கு நான் எதையும் உட்கார்ந்த இடத்திலிருந்து, நல்ல வார்த்தையில்தான் சொல்லவேண்டும் என்று.

சனிக்கிழமை காலை சொல்லிப் பார்த்தேன். அவன் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உடம்பு, எதிர்காலம், தாயின் மனம் என்று மூன்று பகுதியாகப் பேச ஆயத்தம் செய்திருந்தேன். உடம்பு என்று தொடங்கியதும், என் தட்டில் இருந்த முட்டையைக் காட்டி, சாப்பிடப் போகிறீர்களா என்று பிரெஞ்சில் கேட்டான். கொடுத்துவிட்டேன். எதிர்காலம் அந்த முட்டையோடு போயிற்று.

குசினிக்குள் ராணி காத்திருந்தாள். "சொன்னனீங்களோ?"

"தொடங்கியிருக்கிறன்."

"மே மாசம் முதல் ஆட்டத்துக்குப் போனனான் அண்ணை. ஒருத்தன் இவனுக்கு மேலை விழுந்தான். அவனுக்கு மேலை இன்னும் நாலு பேர். நான் எழும்பி வெளியிலை வந்து பஸ் தரிப்பிலை இருந்திட்டன். பிறகு போகேல்லை. ஒவ்வொரு ஞாயிறும் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு இதிலை இருப்பன். தொலைபேசி மணி எலும்பு முறியிற சத்தம்மாதிரிக் கேக்கும்."

சிரிப்பு வரவில்லை. அவள் கை சோற்றுப் பானையின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. திங்கட்கிழமைக்குள் எப்படியும் பேசி முடிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிறு, பிற்பகல் ஒரு மணி. வடக்குப் புறநகரில் ஒரு மைதானம். லா கூர்னெவ் நிலையத்திலிருந்து பஸ்ஸில் கால் மணித்தியாலம். நுழைவுச் சீட்டு பத்து யூரோ, கம்பு பிடிப்பவர்களுக்கு இலவசம். அதோடு ஒரு கறுப்பு ரீ-சேர்ட்டும் தந்தார்கள். இடுப்புப் பிடித்த மனிதர் ஒல்லியானவர் போலும். என் வயிறு அதற்குள் போக மறுத்து வெளியே நின்று ஆட்டம் பார்த்தது.

எங்கள் பக்கக் கோட்டுக்கு நடுவர் ஒரு பெண். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை, கழுத்தில் விசில், வகுப்பாசிரியை முகம். சங்கிலியின் நடுவே ஒரு சிறிய கிளிப் மாட்டிக் காட்டினார். மைதானத்தில் ஐந்து யார் இடைவெளிக்கு ஒரு வெள்ளைக் கோடு. சங்கிலி அந்தக் கோட்டைத் தொடும் இடத்தில் கிளிப்பை மாட்டிவிட்டால், கம்பு விழுந்தாலும் மறுபடி அதே இடத்தில் நிறுத்தலாம் என்று அன்ரன் விளங்கப்படுத்தினான். நான் தலையாட்டினேன். உண்மையில் நான் எதிரணியின் ஆட்கள் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அங்குலம் உயர்ந்தது.

ஆட்டம் தொடங்கியது. முதல் மோதல் எனக்கு ஏழெட்டு அடி தூரத்தில் நடந்தது. குலையோடு தேங்காய் தகரக் கூரையில் விழுந்த சத்தம். கீழே கிடந்தவன் எழும்பமாட்டான் என்று நான் மனதுக்குள் 'அருள்நிறைந்த மரியே' தொடங்கினேன். பாதி செபத்தில் அவன் எழும்பி, தன்னை விழுத்தியவனின் தோளில் தட்டிவிட்டுப் போனான். மீதிச் செபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்காக முடித்தேன்.

"கம்பு ஆடுது மச்சான்" என்றான் அன்ரன் பத்து யார் தள்ளி நின்று.

"காத்து."

காற்று இல்லை. ஓகஸ்ட் வெயில், ஒரு இலை அசையவில்லை.

ஆனால் இரண்டாவது காற்பகுதியில் எனக்குத் திடீரென்று எல்லாம் விளங்கிவிட்டது. யாரும் கற்பிக்காமலே! இது எங்கள் வேலிச் சண்டை. ஒரு பகுதி வேலியைத் தள்ளப் பார்க்கிறது. மற்றப் பகுதி விடமாட்டேன் என்கிறது. பந்து வைத்திருப்பவர்களுக்கு நான்கு தரம் உண்டு. அந்த நான்குக்குள் பத்து யார் முன்னேறினால் புதிதாக இன்னும் நான்கு தரம். முன்னேறாவிட்டால் பந்தை மற்றவர்களிடம் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு தரத்துக்கு நாலு விரற்கடைதான் தள்ளுவார்கள், ஆனால் முப்பது வருடம் ஆடுவார்கள். மற்றபடி ஆத்திரம், ஏச்சு, அளவுக்காரரைச் சந்தேகமாகப் பார்ப்பது எல்லாம் அப்படியே இருந்தது. தலைக்கவசம் மட்டும் புதிது. அதை எங்கள் ஊருக்கும் கொண்டுபோகலாம்.

யூட் தடுக்கும் பக்கத்தில் ஆடுகிறான். பந்துக்காரனைப் பிடித்து விழுத்துவது அவன் வேலை. என் முட்டையைக் கேட்டு வாங்கிய அதே மெல்லிய குரல்காரன் ஒருவனை இடுப்போடு தூக்கிப் புல்லில் கிடத்தியபோது, "அப்படித்தானடா!" என்று யாரோ தமிழில் கத்தினார்கள். நடுவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கம்பு பிடிப்பவர் கத்தக்கூடாதாம்.

கடைசிக் காற்பகுதி. இரண்டு நிமிடம் மீதி. எங்களுக்கு இருபது, அவர்களுக்குப் பதினேழு. பந்து அவர்களிடம். மூன்று தரம் முடிந்து நான்காவது. இன்னும் இரண்டு யார் வேண்டும். அந்த இரண்டு யார் முடியும் இடத்துக்கு நேரே, கோட்டோரம், என் கம்பு. அதை எட்டாவிட்டால் பந்து எங்களுடையது, இறுதிச் சுற்று எங்களுடையது, யூட்டுக்கு இன்னொரு வருடம். எட்டினால் ராணி நிம்மதியாக நித்திரை கொள்வாள். ஒரு தங்கை, ஒரு மருமகன், நடுவில் கம்போடு நான்.

பந்து கை மாறியது. வாங்கியவன் நேரே போகாமல் வளைந்து எங்கள் பக்கம் வந்தான். பந்தை நெஞ்சோடு அணைத்து, தலையைக் குனிந்து, சரியாக என்னை நோக்கி. குறுக்கே யூட்.

"போட்டிட்டு ஓடு! மச்சான், கம்பைப் போட்டிட்டு ஓடு!"

ஓடத்தான் நினைத்தேன். சத்தியமாக. கால்கள் இரண்டும் ஆயத்தம். கைதான் கேட்கவில்லை. எல்லைக் கம்பை விட்டுவிட்டு ஓடும் வழக்கம் எங்கள் பகுதியில் இல்லை. வழக்கு முடியும்வரை கதியாலை விட்டு அசையாதே என்று கந்தோரில் எத்தனை பேருக்கு நானே புத்தி சொல்லியிருக்கிறேன்! அந்தப் புத்தி எல்லாம் சேர்ந்து என் பத்து விரலையும் பூட்டிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கம்பைக் கட்டிப்பிடித்தேன்.

வானம். புல். ஒரு தலைக்கவசம். மறுபடி வானம்.

"மாமா! மாமா! உயிரோடை இருக்கிறீங்களோ?" யூட்டின் குரல் எங்கோ மேலேயிருந்து வந்தது.

"கம்பு இருக்கு தம்பி" என்றேன்.

இருவரும் என்மேலிருந்து எழுந்தார்கள். உடம்பில் ஒவ்வொரு உறுப்பாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் பதில் சொன்னது. நடுவர் குனிந்து கம்பை வாங்கப் பார்த்தார். கை விடவில்லை. அன்ரன் ஓடி வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தான்.

"விடு மச்சான்."

"முதலிலை அளக்கட்டும்."

"கிளிப் கோட்டிலை இருக்கு. கம்பு விழுந்தாலும் ஒண்டுமில்லையெண்டு சொன்னனான்தானே?"

"அப்ப நான் என்னத்துக்கடா செத்தனான்?"

பந்து எங்கே வெளியே போனதோ அதற்கு நேராக, உள்ளே புல்லில் வைத்தார்கள். கம்பின் நேர்கோட்டுக்கு மிக அருகில். கண்ணால் சொல்ல முடியாது. தலைமை நடுவர் கையை அசைத்து எங்களைக் கூப்பிட்டார். சங்கிலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் நடுவுக்கு நடந்தோம். எண்ணூறு பேர் எழும்பி நின்று பார்த்தார்கள். கோட்டு நடுவர் கிளிப்பைக் கோட்டில் அழுத்திப் பிடித்தார். அன்ரன் பின்கம்பு. நான் முன்கம்பை நட்டுச் சங்கிலியை விறைப்பாக்க வேண்டும்.

யூட் இடுப்பில் கைவைத்தபடி நின்றான். மூச்சு வாங்கியது. என்னைப் பார்க்கவில்லை, கம்பின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தளர்த்திப் பிடி, இன்றோடு முடியட்டும் என்று எனக்குள் இருந்த ராணியின் தூதுவன் சொன்னான். நான் இழுத்தேன். பந்திலிருந்து அப்பால், என் பலம் முழுவதையும் கொடுத்து, ரீ-சேர்ட் முதுகில் கிழிய இழுத்தேன். காணி வழக்கு நீளும், கந்தோர் வேலை நீளும். இரும்புச் சங்கிலி ஒரு மயிரிழைகூட நீளவில்லை.

"துஸ்மோன், முசியே!" என்றார் தலைமை நடுவர். மெதுவாக, ஐயா. என் கைக்கு மேல் தன் கையை வைத்துக் கம்பை நேராக நிறுத்தினார்.

முட்டை வடிவப் பந்தின் மூக்கு கம்பைத் தாண்டியிருந்தது. ஒரு விரல் அளவு.

நடுவரின் கை அவர்கள் போகும் திசையில் நீண்டது. புதிதாக நான்கு தரம். அவர்களுக்கு இரண்டே போதுமானதாக இருந்தது, பந்தோடு எங்கள் கடைசிக் கோட்டைத் தாண்டி ஏழு புள்ளி எடுத்துவிட்டார்கள். இருபத்து நான்குக்கு இருபது.

ஆட்டம் முடிந்த பிறகு யூட் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு புல்லில் இருந்தான். அந்தப் பந்துக்காரன் வந்து அவனைத் தூக்கி நிறுத்திக் கட்டிப்பிடித்தான். பிறகு என்னிடம் வந்து, நெஞ்சில் கைவைத்து, "பார்தோன்" என்று மன்னிப்புக் கேட்டான். வேலியைத் தள்ளியவன் அன்றைக்கே வந்து மன்னிப்புக் கேட்டால் எங்கள் கந்தோரை மூடவேண்டியதுதான்.

மாலை ஆறரைக்கு வீட்டு மணியை அடித்தோம். ராணி முதலில் யூட்டின் கை, கால், கழுத்து என்று பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். சோறு போட்டாள். யூட் குனிந்தபடி நாலு வாய் சாப்பிட்டான்.

"அம்மா, நாளைக்குக் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைக்கிறன். சொன்னமாதிரி."

தமிழில் சொன்னான். ராணியின் கையிலிருந்த அகப்பை அந்தரத்தில் நின்றது. அவள் எதிர்பார்த்த நாள் வந்துவிட்டது. மாதாவுக்கு ஏற்றிய மெழுகுதிரி எல்லாம் சேர்ந்து பலன் தந்த நேரம். சந்தோஷப்படுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எவ்வளவாலை போனது?"

"நாலு புள்ளி."

"அதைக் கேக்கேல்லை. கம்படியிலை அளந்ததெண்டு உங்கடை மச்சான் போனிலை சொன்னவர், அதிலை எவ்வளவு?"

சுண்டுவிரலைக் காட்டினேன்.

"கம்பு ஆற்றை கையிலை?"

"என்ரை கையிலை."

"இவ்வளவு! இந்த இவ்வளவு தள்ளிப் பிடிச்சிருக்கக்கூடாதோ? காணிக் கந்தோரிலை இவ்வளவு காலமாய் என்ன செய்தனீங்கள்?"

மைதானத்தில் இரண்டு பேர் மேலே விழுந்தபோதுகூட எனக்கு இப்படி மூச்சு நிற்கவில்லை. "ராணி, நீதானே பிள்ளை நிப்பாட்டச் சொன்னனீ?"

"நிப்பாட்டத்தான் சொன்னனான். தோக்கடிக்கச் சொன்னனானோ?"

"இழுத்தனான். கடவுளாணை இழுத்தனான். கேள் அன்ரனை."

"காணாது!"

அன்ரன் சோற்றுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினான். யூட் தலை நிமிர்ந்தான்.

"காப்புறுதிக் கந்தோர் ஞாயிற்றுக்கிழமை பூட்டுத்தானே?" என்று ராணி அவனைக் கேட்டாள்.

"ஓம்."

"பயிற்சி பின்னேரத்திலைதானே?"

"ஓம் அம்மா."

"கையெழுத்தை வை. வைச்சிட்டு விளையாடு. உந்த முகத்தோடை ஒரு வருசம் என்னாலை இஞ்சை சோறு போடேலாது." அகப்பையால் என் திசையைக் காட்டினாள். "அடுத்த வருசம் கம்பை நான் பிடிக்கிறன். உவர் இளவாலைக்குப் போகட்டும்."

போய்விட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அதே ரயில், அதே பதின்மூன்று யூரோ, விலாவில் மட்டும் புதிதாக ஒரு நீலக் கண்டல். ஊரில் எல்லோரும் ஈபிள் கோபுரம் பார்த்தாயா என்று கேட்கிறார்கள். ரயில் ஜன்னலால் பார்த்ததாகச் சொல்லிவைத்திருக்கிறேன். அந்த ரயிலிலிருந்து அது தெரியுமா என்று எனக்கே நிச்சயமில்லை. ராணி சொன்னதைச் செய்கிறவள் என்பது மட்டும் நிச்சயம். முதல் ஆட்டத்தில் பஸ் தரிப்புக்கு ஓடியவள் அடுத்த மே மாதம் அந்தக் கோட்டோரம் நிற்பாள். அங்கே நூற்று முப்பது கிலோவோடு ஓடி வருகிற பிள்ளைகளுக்கு, தாய்மாமன் என்ற முறையில் ஒரே ஒரு புத்தி: வழியில் ராணியைக் கண்டால், பந்தைப் போட்டுவிட்டு ஓடுங்கள்.